தாலி கட்டும்போது ஃப்ளாஷ் அடிக்கவில்லை

புங்குடுதீவு,
வைகாசி, சோளகம் பிடித்த கிழமை.

அன்பின் சிநேகிதிக்கு,

சோளகம் பிடித்துவிட்டது. யன்னல் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு உப்பு. உங்கள் வளவுப் பனைகளில் இந்த முறை நல்ல நுங்கு. யார் வெட்டிக்கொண்டு போகிறார்கள் என்று மட்டும் கேட்காதே. சொன்னால் ரொறன்ரோவிலிருந்து சண்டைக்கு வந்து இறங்குவாய்.

நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு வருகிறேன். “ஏனடி அந்தக் கலியாணப் படம் ஒண்டில் ஒரே இருட்டு, இல்லாட்டில் பொம்பிளையின்ரை முகம் வெள்ளை வெளேரெண்டு கிடக்கு?” அதற்குப் பெருவிரலால் தட்டித் தட்டிப் பதில் எழுத எனக்குப் பொறுமையில்லை. அதோடு அதில் வம்பும் இருக்கிறது. வம்பைக் குழுவில் போட்டால் அடுத்த நிமிடம் லண்டன், பாரிஸ், சூரிச் எல்லாம் அழைப்பெடுக்கும். ஆகவே கடிதம்.

மாப்பிள்ளை சுவிஸ். பெண் வீட்டின் பெயரை எழுதவில்லை, உனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து ட்ரோனோடு ஒரு கூட்டத்தைப் பிடித்து வந்தார்கள். பெண் வீட்டுப் பக்கம் என் பெறாமகன். நம்மவன், காசும் குறைய, சாப்பாட்டுக்கும் முகம் சுளிக்க மாட்டான், அதனால். ட்ரோன் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் ஒரு தரம் வாசிப்பை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார். அது வீடியோவில் வடிவாக விழுந்திருக்கிறது, தேடிப் பார்.

கெட்டிமேளம் முழங்குகிறது. அட்சதை பறக்கிறது. மாப்பிள்ளை தாலியைக் கழுத்தடிக்குக் கொண்டுபோகிறார். பெறாமகன் அமத்தினான். ஷட்டர் சத்தம் கேட்டது, வெளிச்சம் இல்லை. திரும்பவும் அமத்தினான். இல்லை. பிறகு ஒரு அடி அடித்தது பார், ஐயரே கண்ணைக் கசக்கினார். பதற்றத்தில் பெடியன் வாயை விட்டுவிட்டான்: “அண்ணை, ஒருக்கால் திருப்பிக் கட்டுங்கோ.” எங்கள் பெரியம்மா முன்வரிசையில் இருந்தா. “தாலி என்ன சப்பாத்து நூலோ, அவிட்டு அவிட்டுக் கட்ட?” என்று அவ கேட்டது பந்தல் முழுக்கக் கேட்டது. பெண் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துவிட்டாள். எல்லோரும் வெட்கம் என்று நினைத்தார்கள்.

பிறகு பந்தியில் ஊரே எஞ்சினியர். நாவூறு என்றது பெரியம்மா. கமராவுக்குத் தேசிக்காய் சுற்றிப் போடச் சொன்னா. பிரான்ஸிலிருந்து வந்த சித்தப்பா ஒருவர், வடையைப் பிய்த்தபடி, “உது மலிவுச் சாமான், தூக்கி எறி” என்றார். அவருடைய மகன் கமராவை வாங்கிப் பார்த்து, “மெனுவிலை ஏதோ பிழை” என்றான். என்ன பிழை என்று கேட்டபோது பாயாசம் எடுக்கப் போய்விட்டான். யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒன்றும் சொல்லவில்லை. தங்களுக்குள் பார்த்துச் சிரித்தார்கள். அதுதான் பெடியனுக்கு எல்லாவற்றையும்விடச் சுட்டது.

இதையெல்லாம் சும்மா சிரிப்புக்கு எழுதினாலும், படம் என்றால் எங்கள் ஆட்கள் ஏன் இப்படிப் பதறுகிறார்கள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1991இல் தீவை விட்டுக் கிளம்பியபோது அல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் எத்தனை பேர்? உன் அம்மாவின் கலியாணப் படம் உங்களிடம் இல்லை. எங்கள் வீட்டிலும் கொழும்பு மாமாவுக்கு முதலே அனுப்பிவைத்த படங்கள்தான் மிச்சம். இங்கே ஒரு பெண்ணின் தாலிகட்டுப் படம் இருட்டாக வந்தால் அது லேசில் ஆறாது.

அடுத்த நாள் பெடியன் ஃப்ளாஷைக் கொண்டுவந்து ஐயாவின் மேசையில் வைத்தான். ஐயா றேடியோ திருத்திய அதே மேசைதான். மல்ரிமீற்றரும் கிடக்கிறது, ஊசி கொஞ்சம் ஒட்டும், ஒரு தட்டுத் தட்டினால் எழும்பும். ஐயா ஒரு பழக்கம் சொல்லித் தந்திருக்கிறார்: பழுதான சாமானைக் கழற்ற முதல், எது பழுதில்லை என்று பார். நான் அதைத்தான் செய்தேன்.

ஃப்ளாஷைக் கமராவிலிருந்து கழற்றித் தனியே வைத்து, பின்னால் ரெடி விளக்கு எரிகிற சோதனைப் பொத்தானை அமத்தினேன். அடித்தது. விளக்கு திரும்ப எரியும்வரை பொறுத்துத் திரும்ப அமத்தினேன். ஒரு தரமும் தவறவில்லை. அப்படியென்றால் வெளிச்சக் குழாயும் மின்சாரத்தைச் சேமிக்கிற கொண்டென்சரும் சுகம். பிறகு கமராவில் பூட்டி, ஃப்ளாஷை மனுவலில் வைத்துப் படமெடுக்கச் சொன்னேன். அதிலும் பிழையில்லாமல் அடித்தது. பிறகு ஓட்டோவில், அதுதான் ரி.ரி.எல். என்று போட்டிருக்கிறதே, அதில் வைத்தான். உடனே குழப்படி தொடங்கியது. அடிக்கும், அடிக்காது, சிலவேளை முழுப் பலத்தோடு அடித்துச் சுவரையே வெள்ளையாக்கும். ஓட்டோவில் மட்டும் இந்தக் குணம். பாதி வழக்கு அதிலேயே தீர்ந்தது.

ஏனென்று சொல்கிறேன், நீ சயன்ஸ் பாடத்தில் என் கொப்பியைப் பார்த்து எழுதினவள், ஆனாலும் விளங்கும். ஃப்ளாஷைச் செருகுகிற தகட்டை ஹொட்ஷூ என்பார்கள். அதன் நடுவில் பெரிய புள்ளி ஒன்று. அது வெறும் சுவிச். ஷட்டர் திறந்ததும் அந்தப் புள்ளிக்கும் பக்கத் தகட்டுக்கும் தொடுப்பு விழும், ஃப்ளாஷ் அடிக்கும். மனுவலுக்கு அது ஒன்றே போதும். அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கின்றன, ஒவ்வொரு கொம்பனிக்கு ஒவ்வொரு ஒழுங்கில். ஓட்டோவுக்கு அவையும் வேலை செய்ய வேண்டும். பட்டனை அமத்தியதும் ஃப்ளாஷ் முதலில் சின்னதாக ஒரு வெளிச்சம் போடும். கலியாணத் தரகர் முதல் போய்ப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி. முகத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தைக் கமரா அளந்து, “இவ்வளவு போதும்” என்று கணக்குச் சொல்லும். அதற்குப் பிறகுதான் உண்மையான அடி. எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். சின்னப் புள்ளிகளில் ஒன்று தொடாவிட்டால் கணக்குப் போய்ச் சேராது. அப்போது தலையில் ஃப்ளாஷ் இருப்பதே கமராவுக்குத் தெரியாமல் போகும்; அல்லது ஃப்ளாஷ் கணக்குக் கிடைக்காமல் உள்ளதையெல்லாம் கொட்டிவிடும். இருட்டுப் படமும் வெள்ளைப் படமும் ஒரே நோயின் இரண்டு குணம்.

ஐயாவின் மணிக்கூட்டுக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஃப்ளாஷின் காலைப் பார்த்தேன். நடுப் பின் பளபளவென்று இருந்தது. ஓரத்தில் ஒரு சின்னப் பின்னின் அடியில் பச்சை வளையம். செம்புக் குடத்தில் களிம்பு பிடிக்குமே, அதே பச்சை. அந்தப் பின்கள் உள்ளே ஸ்பிரிங் வைத்தவை. விரலால் அமத்தினால் உள்ளே போய்த் திரும்ப வர வேண்டும். மற்றவை வந்தன. இது பாதியில் நின்றது. நகத்தால் சீண்டியபோது உப்புத் தூள் ஒன்று விழுந்தது, சீனிக் குறுணி அளவு. கமராப் பக்கத் தகட்டிலும் கறுப்பாக ஒரு படலம்.

எங்கிருந்து வந்தது என்று கேட்கவும் வேண்டுமா? அவன் படப்பெட்டியை மோட்டார் சைக்கிள் முன்னால் கொழுவிக்கொண்டு வேலணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்வருகிறவன். இரண்டு பக்கமும் கடல், காற்று குறுக்கே அடிக்கும். போன ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு, குறிகட்டுவானில் படகேறி, முன்னணியத்தில் நின்று, ஃப்ளாஷ் பூட்டிய கமராவைக் கழுத்தில் தொங்கப்போட்டுக்கொண்டு போனவன். தெறித்த தண்ணீரைச் சாரத்தால் துடைத்தேன் என்றான். துடைத்தால் தண்ணீர் போகும், உப்புப் போகுமா? நிலத்து ஊர்களில் பல வருடம் எடுக்கிற கறள் இங்கே ஒரு சோளகத்தில் பிடித்துவிடும். இந்தத் தீவுகளில் ஃப்ளாஷ் குழப்படி செய்தால் மெனுவுக்குள் போக முதல் காலைப் பார்க்க வேண்டும் என்பது என் தீர்மானமான கட்சி.

துப்புரவாக்குவதில் ஊர் வைத்தியம் பல வந்தது. ஒருவர் சான்ட்பேப்பர் என்றார். தேய்த்தால் அந்த மெல்லிய பொன்முலாம் போய்விடும், பிறகு கறள் இன்னும் கெதியாகப் பிடிக்கும். மருமகள் நகப்பூச்சு அழிக்கிற தண்ணியைக் கொண்டுவந்தாள். அதில் உள்ள அசிற்றோன் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். பார்மசியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் வாங்கி, காது துடைக்கிற பஞ்சுக்குச்சியில் தொட்டு, பின்னைச் சுற்றிச் சுற்றித் துடைத்தோம். பஞ்சு பச்சையாக வந்தது, பிறகு சாம்பல், பிறகு வெள்ளை. கமராத் தகட்டைப் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டோம். பற்றறியைக் கழற்றிவிட்டுத்தான் இதெல்லாம். பின் ஸ்பிரிங் விட்டு எழும்பியது.

பூட்டுகிறபோது இன்னொன்றையும் பார்த்தேன். பெடியன் ஃப்ளாஷை முக்கால்வாசி தள்ளிவிட்டுத் திருகை இறுக்குகிறான். நடுப் புள்ளி ஓரளவு தொடும், சின்னவை தொடாது. அடிமட்டம் முட்டத் தள்ளி, பிறகுதான் பூட்ட வேண்டும். கழற்றும்போதும் பூட்டும்போதும் ஃப்ளாஷ் நிறுத்தியிருக்க வேண்டும். இதைச் சொன்னதற்கு, “எனக்குத் தெரியாதோ” என்று முகத்தைத் தூக்கினான். தெரிந்தவன் ஏன் செய்யவில்லை?

அதற்குப் பிறகும் குழு படத்தில் இடைக்கிடை தவறியது. கிட்ட நின்று ஒருவரை எடுத்தால் சரி. இருபது பேரைத் தூர நிறுத்தி எடுத்தால் முதல் படம் வரும், அடுத்தது இருட்டு. அது வேறு கதை, பற்றறிக் கதை. கிட்ட எடுக்கும்போது ஃப்ளாஷ் சேமித்ததில் கொஞ்சத்தைத்தான் செலவழிக்கும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும், ஆகவே முழுவதையும் கொட்ட வேண்டி வரும். கொட்டியதைத் திரும்ப நிரப்பப் பற்றறிக்கு நேரம் வேண்டும். நல்ல பற்றறி சில செக்கன்களில் நிரப்பும்; சந்திக் கடையில் வாங்கிய மலிவுப் பற்றறி மூச்சுவாங்கும். ரெடி விளக்கு எரிய முதல் அமத்தினால் அடிக்காது. கலியாண வீட்டில் ரெடி விளக்கைப் பார்க்க யாருக்கு நேரம்?

மீற்றரை வைத்துப் பார்த்தால் அந்தப் பற்றறி 1.4 வோல்ற் காட்டும், நல்ல பிள்ளை. அதை நம்பக்கூடாது. ஐயா ஒரு ரோச் பல்பைத் தொடுத்துச் சுமை கொடுத்து, அப்போது எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பார். நானும் அப்படிப் பார்த்தேன். நாலில் ஒன்று பொலுக்கென்று விழுந்தது. நாலும் தொடராக நிற்கிறவை, ஒன்று சோம்பினால் நாலும் சோம்பும். பழசையும் புதுசையும் கலந்து போட்டிருக்கிறான். திரும்பச் சார்ஜ் பண்ணுகிற நிக்கல் பற்றறி 1.2 வோல்ற்தான் என்று சிலர் குறைத்து நினைப்பார்கள். ஆனால் கேட்ட நேரம் கேட்ட மின்னோட்டத்தைக் கொடுப்பது அதுதான். ஃப்ளாஷுக்கு வேண்டியதும் அது.

பற்றறி என்றதும் உனக்கும் நினைவு வந்திருக்கும். தொண்ணூறுகளில் வடக்குக்குத் தடைசெய்த சாமான்களில் பற்றறியும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்து இருந்தபோது, செத்த பற்றறியை ஓட்டில் வெயில் காயவைத்து, அரைமணி நேரச் செய்தி கேட்போமே. அதுவும் இல்லாமல் போனபோது சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, நான் பெடலைச் சுற்ற, நீ டைனமோ வயரைப் பிடித்துக்கொண்டு றேடியோவில் காதை வைப்பாய். பாட்டு வந்தால் நீ சுற்றச் சொல்லுவாய், செய்தி வந்தால் ஐயா சுற்றச் சொல்லுவார். இப்போது பெடியனுக்குப் பெட்டி பெட்டியாகப் பற்றறி கிடைக்கிறது, நல்லதைத் தெரிந்து வாங்கப் பஞ்சி.

சரி, இனிப் பெடியன் படமெடுத்த ஒரு சாமத்திய வீட்டுக் கதை. இது அந்தச் சுவிஸ் கலியாணத்துக்கு முன்னம் நடந்தது. இப்போது ஒரு ஃப்ளாஷ் போதாது, மூலையில் ஸ்ராண்டில் இன்னொன்றை நிறுத்தி, கமராவில் பூட்டிய றேடியோக் கருவியால் அதை அடிக்கவைப்பார்கள். நம்மவனும் நிறுத்தினான். பிள்ளைக்கு மாமன்முறையான, கனடாவிலிருந்து வந்த ஒருவரும் அப்படியொரு கருவி பூட்டிய தன் கமராவோடு படம் எடுத்துத் திரிந்தார். பெடியன் அமத்தும்போதெல்லாம் மூலை ஃப்ளாஷ் நித்திரை. இவன் அமத்தாதபோது தன்பாட்டில் பளிச் பளிச். ஆச்சி ஒருவ எழும்பித் திருநீறு பூசிக்கொண்டா. கடைசியில் பார்த்தால் இரண்டு பேருடைய கருவியும் ஒரே சனலில். மாமன் சாப்பாட்டை, சருகைச் சேலையை, நாயை எல்லாம் எடுத்து எடுத்து, நம்மவனுடைய ஃப்ளாஷை வெறுமையாக்கியிருக்கிறார். சனலை மாற்றியதும் தீர்ந்தது. இன்னொருவருடைய வெளிச்சத்தைக் கண்டு தானும் அடிக்கிற வகையும் உண்டு. அதில் இந்தத் தொல்லை இன்னும் கூட, ஏனென்றால் அந்தத் தரகு வெளிச்சத்தைக் கண்டே முந்திக்கொண்டு அடித்துவிடும், உண்மையான அடி வரும்போது கையில் ஒன்றும் இராது. அதற்கென்று முதல் வெளிச்சத்தைக் கணக்கெடுக்காமல் விடுகிற நிலை ஒன்று பல ஃப்ளாஷ்களில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

அடிக்காத ஃப்ளாஷ் வேறு, அடித்தும் பிரயோசனமில்லாத ஃப்ளாஷ் வேறு. சனம் இரண்டையும் ஒன்றாகத்தான் ஏசும். யூரியூப்பில் பார்த்துவிட்டுப் பெடியன் ஃப்ளாஷின் தலையை மேலே நிமிர்த்தி வைப்பான், கூரையில் பட்டு மெதுவாக இறங்குமாம். வெள்ளைக் கூரையுள்ள மண்டபத்தில் இறங்கும். கண்ணகை அம்மன் கோயில் வீதியில் இரவு பத்து மணிக்கு எந்தக் கூரை? முழு வெளிச்சமும் வானத்துக்குப் போகிறது. பந்தலுக்குள் நிமிர்த்தினால் நீலத் துணியில் பட்டு எல்லோரும் நீலம். அந்தக் கலியாணத்தில் மாப்பிள்ளையின் தாய் நீலமாக நிற்கிற படம் இருக்கிறது, அதை அவவுக்கு இன்னும் காட்டவில்லை.

வெள்ளைக்கும் ஓட்டோ ஏமாறும். மாப்பிள்ளை பட்டு வேட்டி, பக்கத்தில் மாமன்மார் எல்லோரும் வெள்ளை, நெற்றியில் திருநீறு. திரும்பி வருகிற வெளிச்சம் கூட, “போதும்” என்று கமரா குறைத்துவிடும், முகங்கள் கறுக்கும். பெண்ணின் அட்டியலில் பட்டு நேரே திரும்பினாலும் அப்படித்தான். ஃப்ளாஷில் கூட்டல் குறி போட்டு ஒரு படி ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். இதற்கும் நாவூறுக்கும் சம்பந்தமில்லை என்று பெரியம்மாவுக்குச் சொன்னேன். “நாவூறும் வெள்ளை உடுப்பைத்தானடி பாக்கும்” என்றா. அதற்கு மேல் நான் கதைக்கவில்லை.

முந்தி நம்மூர் ஸ்ரூடியோக்காரரின் ஃப்ளாஷில் முன்பக்கம் ஒரு சின்னக் கண் இருக்கும், ஞாபகமா? பள்ளிக்கூடக் குழு படத்துக்கு வந்தபோது நீ அதில் விரலை வைத்துப் பார்த்து ஏச்சு வாங்கினாய். அதுவும் ஓட்டோதான். அந்தக் கண் திரும்பிய வெளிச்சத்தைப் பார்த்துத் தானே அடியை நிறுத்திக்கொள்ளும், கமராவோடு கதை பேச்சு ஒன்றுமில்லை. லென்ஸுக்குள்ளால் வந்த வெளிச்சத்தையே அளக்கிற முறை 1975இல் ஒலிம்பஸ் ஓஎம்-2 கமராவோடு வந்தது. முதலில் சின்ன வெளிச்சம் போட்டுக் கணக்குப் பார்க்கிற இ-ரி.ரி.எல். முறையைக் கனன் 1995இல் கொண்டுவந்தது, நிக்கோனின் ஐ-ரி.ரி.எல். 2003இல். ஒவ்வொரு படியிலும் கெட்டித்தனம் கூடியது, கதைக்க வேண்டிய புள்ளிகளும் கூடின, உப்புக்கு இடமும் கூடியது. பழைய ஃப்ளாஷ்தான் தீவுக்கு ஏற்றது என்று எனக்குச் சிலவேளை தோன்றும்.

தோன்றினாலும் செய்யக்கூடாது. ஜேர்மனி மாமா ஒருவர் தன் பழைய ஃப்ளாஷைப் பெடியனுக்கு அன்பளிப்பாகத் தந்துவிட்டுப் போனார். நல்ல கனம், பார்க்கவும் ராசாக்களை. கமராவில் போட ஓடினவனைப் பிடித்து நிறுத்தி, ரெடி விளக்கு எரிந்த பிறகு நடுப் பின்னுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே மீற்றரை வைத்தேன். 200 வோல்ற்றைத் தாண்டி ஊசி போனது. இப்போதைய டிஜிற்றல் கமராக்களுக்கு சர்வதேச நியமம் சொல்வது 24 வோல்ற். சில கமராக்கள் தாங்கும், சில உள்ளேயே கருகும். உன் மனுசனிடமும் அப்படிப் பழையது ஒன்று அலுமாரியில் கிடக்கிறது என்று நினைக்கிறேன், கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லு. உள்ளே திறந்து பார்க்கிற ஆசையும் வேண்டாம். கொண்டென்சரில் 300 வோல்ற் அளவில் நிற்கும், பற்றறியைக் கழற்றின பிறகும் நிற்கும். இங்கே ஒரு பெடியன் ஸ்குறூ ட்ரைவரை விட்டு, கதிரையோடு பின்னுக்குப் போய் விழுந்தவன். இப்போது அவன் வெளிநாட்டில் எலெக்ட்ரீசியன். பெயர் சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

மெனுப் பிழையும் இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தப் பாயாசப் பெடியன் முழுப் பொய் சொல்லவில்லை. பச்சைப் பெட்டி போட்ட முழு ஓட்டோவில், ஃப்ளாஷ் வேண்டுமா வேண்டாமா என்று பல கமராக்கள் தாங்களே முடிவெடுக்கும். பூசை நேரம் சத்தம் வரக்கூடாதென்று சைலன்ட் ஷட்டரில் போட்டுவிட்டு மறந்தால், அதிலும் பெரும்பாலும் ஃப்ளாஷ் அடிக்காது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஃப்ளாஷ் நித்திரைக்குப் போகும். ஷட்டரைப் பாதி அமத்தி எழுப்ப வேண்டும், ஐயர் மந்திரம் இழுக்கிறபோது இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். வைகாசி வெயிலில் பந்தலுக்குள் விடாமல் முழு அடி அடித்தால் சூடேறித் தானாக நிறுத்துகிற ஃப்ளாஷ்களும் உண்டு. ஆறவிடுவதைத் தவிர அதற்கு மருந்தில்லை.

பெடியனுக்கு நான் கடைசியாகச் சொன்னது இது. ஊர்வலம், பந்தி, பிள்ளைகள் ஓடித் திரிகிறது எல்லாவற்றுக்கும் ஓட்டோவை வைத்துக்கொள். தாலி கட்டுக்கு வேண்டாம். மணவறையில் நீ நிற்கிற இடம் மாறாது, மாப்பிள்ளையும் பெண்ணும் எழும்பி ஓடப்போவதில்லை. ஐயர் ஓமம் வளர்க்கிற நேரத்தில் இரண்டு படம் எடுத்துப் பார்த்து, மனுவலில் பலத்தைப் பூட்டிவிடு, அரைப் பலத்துக்கு மேலே போகாமல். புதுப் பற்றறி நாலும் கெட்டிமேளத்துக்கு முன்னம் மாற்று. நடுப் புள்ளி ஒன்று தொட்டால் போதும், படம் விழும். போன கிழமை இன்னொரு கலியாணத்தில் அப்படிச் செய்தான். தாலி, கை, பெண்ணின் குனிந்த முகம், பின்னால் பெரியம்மாவின் திறந்த வாய், எல்லாம் துல்லியம். பெரியம்மா தன் வாயைப் பார்த்துவிட்டு, “இதுக்கு அந்த இருட்டுப் படமே திறம்” என்றா.

சுவிஸ் கலியாணப் படங்களை ஓரளவு தேற்றியிருக்கிறோம். இருட்டாக வந்தவற்றைக் கணினியில் ஏற்றலாம், குறுணியாகத் தெரியும், பரவாயில்லை. வெள்ளையாய்ப் போனவற்றில் ஒன்றும் மிச்சமில்லை, அங்கே முகமே பதியவில்லை. தாலி கட்டும் படத்துக்கு ட்ரோன்காரரிடம் கேட்டு ஒன்று வாங்கியாயிற்று. அவர்கள் காசு கேட்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

நீ ஆனித் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னது உறுதிதானே? அப்படியென்றால் சொக்லேற் வேண்டாம். இங்கே எல்லாருக்கும் சீனி வருத்தம். நல்ல நிக்கல் பற்றறி எட்டும், ஒவ்வொன்றையும் தனித்தனியே சார்ஜ் பண்ணுகிற சார்ஜர் ஒன்றும் கொண்டு வா. வாங்கிய பைக்கற்றைத் திறக்காமல், கைப்பையில் போடு, பெரிய சூட்கேஸில் போடாதே. சிலிக்கா ஜெல் பைக்கற்றுகள், அங்கே சப்பாத்துப் பெட்டியோடு வருமே, எறியாமல் சேர்த்துக்கொண்டு வா. படப்பெட்டிக்குள் போட வேண்டும். குறிகட்டுவானில் படகேறும்போது உன்னைப் படம் எடுக்கச் சொல்லிப் பெடியனைக் கரைச்சல் படுத்தாதே, கரையில் நின்றே எடுப்பான். வருகிற திகதியைக் கெதியாக எழுது, பனங்கிழங்கு ஒடியல் எல்லாம் எடுத்து வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழி